வவ்வால் மாதிரி ஒரு சைக்கிள்

ஊரில் என்னை ‘நிதானமான ஆள்’ என்பார்கள். பயந்தாங்கொள்ளி என்பதை மரியாதையாகச் சொன்னால் அப்படித்தான் வரும். காரைக்கால் பக்கம் கோட்டுச்சேரியில் ஒரு குட்டியானை வைத்து வாடகைக்கு ஓட்டுகிறேன். (நிஜ யானை இல்லை, நாலு சக்கர லோடு வண்டி. நிஜ யானை என்றால் நான் அந்தத் தெருப்பக்கமே போகமாட்டேன்.) கண்ணாடி பீரோ, புது டி.வி., கல்யாண கேக் என்று உடையக்கூடிய சாமான் எதுவாக இருந்தாலும் என்னைத்தான் தேடி வருவார்கள். மாடு குறுக்கே வருவதற்கு முன்பே, அது வரலாம் என்று நினைத்தே பிரேக் போடுகிறவன் நான். கீழவாஞ்சூர் துறைமுகத்துப் பக்கமிருந்து நிலக்கரி லாரி எதிரே வந்தால் ஓரங்கட்டி நிறுத்தி, லாரி போய், அதன் புழுதியும் போன பிறகுதான் வண்டியை எடுப்பேன்.

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டதற்கும் பயம்தான் காரணம். பத்தாவதில் பொதுத்தேர்வு என்றார்கள். பொது என்றால் நம் மார்க் எல்லாருக்கும் தெரிந்துவிடுமே என்று முன்கூட்டியே நின்றுவிட்டேன். இன்றுவரை என்னிடம் பட்டன் போன்தான். பெரிய போனில் தெரியாமல் எதையாவது தேய்த்து, பேங்கில் இருப்பது யாருக்காவது போய்விட்டால்?

இப்படிப்பட்டவனுக்குக் கயல்விழி எப்படி வாய்த்தாள் என்று ஊரே கேட்டது. எனக்கும் தெரியவில்லை. திருவேட்டக்குடி மீனவக் குடும்பத்துப் பெண். தனியார் பள்ளியில் விளையாட்டு டீச்சர். நான் கடலில் கணுக்கால் நனைகிற அளவுக்குப் போவேன். அவள் உள்ளே போய்ப் போய் ஒரு கரும்புள்ளி ஆகிவிடுவாள். புள்ளி மறைகிற நேரத்தில் என் வயிறும் எங்கேயோ மறைந்துவிடும்.

நீந்துவதோடு நிறுத்தியிருக்கலாம். டிரையத்லான் என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். கடலில் நீந்த வேண்டும், கரையேறிய ஈரத்தோடு சைக்கிள் மிதிக்க வேண்டும், அதிலிருந்து இறங்கியதும் ஓட வேண்டும். மூன்றில் ஒன்றுக்குக்கூட உயிருக்கு உத்தரவாதம் கிடையாது.

முதல் போட்டிக்கு நானும் கூடப் போனேன். கடலிலிருந்து ஆண்களையும் சேர்த்து மூன்றாவது ஆளாக ஏறினாள். நான் பெருமைப்பட்டு முடிப்பதற்குள் சைக்கிளில் எல்லாரும் அவளைத் தாண்டிப் போய்விட்டார்கள். அது அவள் அண்ணன் கொடுத்த பழைய கனத்த சைக்கிள். நிமிர்ந்து உட்கார்ந்து எதிர்காற்றில் மிதித்தது, குடையை விரித்துக்கொண்டு ஓடுகிற மாதிரி இருந்தது. சைக்கிள் ஓட்டி முடிக்க ஒரு நேரம் வைத்திருக்கிறார்கள். அது தாண்டினால் ரோட்டின் குறுக்கே கயிறு கட்டிவிடுவார்கள். அதற்குமேல் ஓட விடமாட்டார்கள். கயல் வருவது எனக்குத் தெரிகிறது, கயிறு கட்டுவதும் தெரிகிறது. அவள் கண்ணெதிரேயே முடிச்சுப் போட்டார்கள். வீட்டுக்கு வந்து சைக்கிளைக் கழுவித் துடைத்து அண்ணனிடம் கொடுத்துவிட்டு, துணி துவைக்கப் போனாள். வெகுநேரம் துவைத்தாள்.

அடுத்த போட்டிக்கு ஏரோ சைக்கிள் வேண்டும் என்று முடிவு செய்தாள். காற்றைக் கிழித்துக்கொண்டு போகிற மாதிரி உருவாக்கிய ரேஸ் சைக்கிளாம். புதிதாக வாங்க எங்களால் முடியாது. பாண்டிச்சேரியில் பழைய ரேஸ் சைக்கிள்களை வாங்கி விற்கிற கடையில் சொல்லி வைத்தாள். அவள் அளவுக்கு இரண்டு வந்திருப்பதாகத் தகவல் வந்தபோது பள்ளியில் விளையாட்டு விழா. லீவு கிடையாது.

“பாண்டிக்கு லோடு இருக்குன்னீங்கல்ல, நீங்களே பாத்து எடுத்துட்டு வந்துருங்க. நம்ம ரெண்டு பேரும் ஒரே உசரந்தானே,” என்றாள். (இதை அவள் எல்லார் முன்னிலையிலும் சொல்லுவாள்.)

மறுநாள் நான் பாண்டிச்சேரி போய்ச் சேர்ந்த நேரத்தில் போன் செய்தாள். பின்னால் பேண்டு வாத்தியச் சத்தம். ஏரோ ரோட் பைக் என்று கேட்கச் சொன்னாள். என்னென்னவோ அளவெல்லாம் சொன்னாள். எனக்கு வேர்த்தது தெரிந்துவிட்டது போல.

“சரி, எல்லாத்தையும் விடுங்க. ஒண்ணே ஒண்ண ஞாபகம் வெச்சுக்குங்க. வவ்வால் மாதிரி இருக்கணும்.”

“வவ்வாலா?”

“வவ்வால்தான். அது எப்புடிப் போவுது, அந்த மாதிரி.”

கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. முதலாவதைப் பார்த்ததுமே நான் ஒரு அடி பின்னால் போனேன். கத்திக்கு யாரோ சக்கரம் மாட்டி வைத்திருந்தார்கள். கரிக்கருப்பு. குழாய்களெல்லாம் உருண்டையாக இல்லாமல் தட்டையாக, அகலமாக இருந்தன. சக்கரத்தில் கம்பிகள் கொஞ்சம்தான், மீதியெல்லாம் உள்நோக்கி இறங்கிய அகலமான விளிம்பு. ஹேண்டில்பாருக்கு மேல் முன்னால் நீட்டிக்கொண்டு இரண்டு கொம்புகள். அதில் முழங்கையை ஊன்றிக்கொண்டு படுத்தபடி ஓட்ட வேண்டுமாம். (படுக்கவே பாயைத் தட்டிப் பார்த்துப் படுக்கிறவன் நான்.) கடைக்காரர் அதை ஒரு விரலில் தூக்கிக் காட்டினார். விரலில் தூக்குகிற பொருளைக் காற்று தூக்காதா?

“எதிர்காத்துல கத்தி மாதிரி போவும் சார்,” என்றார்.

“பக்கக் காத்துல?”

“கொஞ்சம் தள்ளும். பழகிடும்.”

கொஞ்சம் தள்ளும். இடதுபக்கம் கடல், வலதுபக்கம் நிலக்கரி லாரி, நடுவில் கொஞ்சம் தள்ளப்படுகிற என் மனைவி. அதற்குமேல் அவர் சொன்ன எதுவும் என் காதில் விழவில்லை.

இரண்டாவது சைக்கிள் ஒரு நல்ல மனிதரைப் போல நின்றது. தடித்த டயர். ஹேண்டில்பார் கீழே இறங்க இறங்க இரண்டு பக்கமும் வெளியே விரிந்திருந்தது, இறக்கை மாதிரி. எனக்குள் ஏதோ விளக்கு எரிந்தது.

“இந்த ரெண்டுல எதுங்க வவ்வால் மாதிரி இருக்கு?” என்று கேட்டேன்.

இப்படி ஒரு கேள்வியை அவர் வாழ்க்கையில் கேட்டிருக்கமாட்டார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்படிப் பாத்தா, இதுதான் சார்,” என்று இறக்கையைக் காட்டினார்.

கடவுள் இருக்கிறார் என்று அன்றைக்கு நம்பினேன். நான் பயந்த சைக்கிளை அவள் கேட்கவேயில்லை, நான் விரும்பியதைத்தான் கேட்டிருக்கிறாள். இது கல்லும் மண்ணுமான பாதைக்கு உள்ளது, ரேஸுக்கு ஆகாது என்று கடைக்காரர் எச்சரித்தார். எங்கள் ஊர் ரோட்டை நீங்கள் பார்த்ததில்லை என்றேன். வீட்டு அம்மாவுக்கு ஒரு போட்டோ அனுப்பட்டுமா, நம்பர் கொடுங்கள் என்றார். முன்பின் தெரியாதவரிடம் மனைவியின் நம்பரைக் கொடுப்பதா? சைக்கிளை ஏற்றிக்கொண்டு, வழியெல்லாம் வெற்றிப் புன்னகையோடு ஊர் வந்து சேர்ந்தேன்.

கயல் வாசலுக்கு வந்து சைக்கிளைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். டயரை அமுக்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“என்னங்க இது?”

“நீ கேட்ட வவ்வால்,” என்று இரண்டு கையையும் விரித்து மணிக்கட்டை மடக்கிக் காட்டினேன்.

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் வீடு சைவம். என் அம்மா மீன்காரர் மணி அடித்தால் ஜன்னலைச் சாத்துகிற ஆள். எனக்கு வவ்வால் என்றால் கோயில் மண்டபத்தில் தலைகீழாகத் தொங்குவது. கடற்கரையில் பிறந்தவளுக்கு வவ்வால் என்றால் மீன். கடைத்தெருவில் எத்தனையோ முறை காதில் விழுந்த பேர்தான். ஆனால் பயத்தில் இருக்கிறவனுக்குத் தனக்கு வசதியான அர்த்தம்தான் முதலில் வந்து நிற்கும்.

கயல் உள்ளே போய் ஒரு தட்டை எடுத்து வந்து அதன் விளிம்பு என் மூக்குக்கு நேரே இருக்கும்படி நிறுத்திப் பிடித்தாள். “வவ்வால் மீனு. முன்னாலேர்ந்து பாத்தா வெறும் கோடு. தண்ணி ரெண்டா பிரிஞ்சு வழி வுட்டுரும். அந்த மாதிரி ஒல்லியா இருக்கணும்னு சொன்னேன்.”

அம்மா பின்னாலிருந்து, “ஏண்டா, வவ்வால்ல மீனு வேற இருக்கா?” என்றாள்.

நான் தட்டைப் பக்கவாட்டில் பார்த்தேன். முன்னாலிருந்து பார்த்தால் கோடு, சரி. பக்கத்திலிருந்து பார்த்தால் முழுத் தட்டு. கொஞ்சம் தள்ளும் என்றாரே, அது இதுதான். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் மெதுவாகச் சொன்னாள்: “இந்த வாட்டியும் எனக்குக் கயிறு கட்டிருவாங்கங்க.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கடைக்காரருக்குப் போன் செய்தோம். மாற்றித் தருகிறேன், ஆனால் கருப்பு சைக்கிளைப் பார்க்க நாளை மத்தியானம் இன்னொருவர் வருகிறார் என்றார்.

விடிந்ததும் புறப்பட்டேன். கடைக்காரர் அந்தக் கத்தியைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார். கொம்புகளுக்கு நடுவில் ஒரு தண்ணீர் பாட்டிலும், அதிலிருந்து வாய்க்கு எட்டுகிற மாதிரி ஒரு உறிஞ்சு குழாயும், கீழே குழாய்களுக்கு இடையில் சப்பையாக இன்னொரு பாட்டிலும் மாட்டிக் கொடுத்தார். கூடவே விளிம்பு மெலிந்த ஒரு முன்சக்கரத்தையும் தந்து, கடலோர ஊராச்சே, காற்று ஜாஸ்தி இருந்தால் முன்னால் இதை மாட்டிக்கொள்ளுங்கள் என்றார். நான் பயத்தில் தலையை ஆட்டி, அதை சீட்டுக்குப் பின்னால் போட்டுவிட்டு மறந்துபோனேன். சைக்கிளில் கீறல் விழாமல் இருக்க அம்மா கொடுத்தனுப்பிய பழைய புடவைகளைச் சுற்றி, இரண்டு தலையணை வைத்து, நாலா பக்கமும் கயிறு கட்டினேன். பார்ப்பதற்கு யாரையோ கட்டிக் கடத்திப் போகிற மாதிரி இருந்தது. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பாண்டிச்சேரி எல்லை தாண்டியதும் ஒரு சோதனைச் சாவடி. எங்கள் வண்டி நம்பர் பி.ஒய். என்று தொடங்கும். பாண்டியிலும் காரைக்காலிலும் மதுபாட்டில் விலை குறைவு என்பதால் அந்த எழுத்தைப் பார்த்தாலே நிறுத்திப் பார்ப்பார்கள். அது அவர்கள் வேலை. என் வேலை, நிறுத்தினால் நடுங்குவது. ஒரு சொட்டு குடித்ததில்லை, கடத்தியதில்லை. இருந்தும் காக்கிச் சட்டையைப் பார்த்தால் ஏதோ கொலை செய்துவிட்டு மறந்துவிட்டேனோ என்று தோன்றும்.

மீசை நரைத்த போலீஸ்காரர் ஒருவர் வந்தார். புடவை மூட்டையைப் பார்த்தார். என் நெற்றி வேர்வையைப் பார்த்தார்.

“என்ன அது?”

“சைக்கிள் சார்.”

“சைக்கிளுக்கு எதுக்குப் புடவை?” என்றவர், எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். “பாட்டில் இருக்கா?”

போலீஸிடம் பொய் சொல்லக் கூடாது என்பது என் கொள்கை. “ரெண்டு இருக்கு சார்.”

இப்படி உடனே ஒத்துக்கொண்டவரை அவர் பார்த்ததில்லை போல. “எங்க?”

“சைக்கிள்லயே மாட்டியிருக்கு சார். முன்னால ஒண்ணு, நடுவுல ஒண்ணு. முன்னால உள்ளதுல குழாய் இருக்கு. குனிஞ்சபடியே உறிஞ்சிக்கலாம்.”

“ஓட்டிக்கிட்டேவா?”

“ஆமா சார். நின்னு குடிச்சா நேரம் போயிரும்ல?”

“நீ குடிப்பியா?”

“ஐயையோ, நான் தொட்டதே இல்ல சார். என் வூட்டுக்காரம்மாதான் குடிப்பாங்க.”

சாவடிக்குள் இருந்த இன்னொரு போலீஸ்காரர் வெளியே வந்து நின்றார்.

“அவங்க என்ன பண்றாங்க?”

“ஸ்கூல் டீச்சர் சார்.”

புடவையை அவிழ்க்கச் சொன்னார். அவிழ்த்தேன். பாட்டில்களைத் திறந்து முகர்ந்தார். கடையில் பிடித்துக் கொடுத்த தண்ணீர். அதனால் சந்தேகம் போகவில்லை, கூடியது. சைக்கிளின் அகலமான குழாயில் விரலால் தட்டினார். டொக் டொக் என்று வெற்றுப் பெட்டி மாதிரி சத்தம் வந்தது. சக்கரத்தின் விளிம்பைத் தட்டினார். அதுவும் உள்ளே கூடு.

“எதுக்குய்யா இவ்ளோ பெரிய கூடு? உள்ள என்ன வைப்பாங்க?”

“காத்துக்கு சார்.”

“காத்தை உள்ள வெச்சு எடுத்துட்டுப் போறியா?”

நான் வவ்வாலை வைத்து விளக்க முயன்றேன். மீன், கோடு, தட்டு எல்லாம் சொன்னேன். தட்டு இல்லாததால் கையை நிறுத்திக் காட்டினேன். இரண்டு போலீஸ்காரர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் அவர் சொன்னார்: “இறக்கு. அந்தப் புளியமரம் வரைக்கும் ஓட்டிக் காட்டு. சைக்கிள்தானான்னு பாப்போம்.”

அந்தச் சைக்கிளில் ஏறுவதில்லை என்று மனசுக்குள் சத்தியம் செய்து வைத்திருந்தேன். (கடையில் உயரம் பார்க்க உட்கார்ந்தபோதுகூடக் கடைக்காரரின் தோளை நான் விடவில்லை.) பெடல் என்ற பெயரில் இரண்டு இரும்பு மொட்டுகள். ரப்பர் செருப்பு அதில் நிற்காமல் வழுக்கியது. எப்படியோ இரண்டு மிதி மிதித்தேன். அவ்வளவுதான். என் வாழ்நாளில் எதுவும் என் பேச்சை அவ்வளவு வேகமாகக் கேட்டதில்லை. புளியமரம் என்னைப் பார்த்து ஓடி வந்தது.

பத்தடிகூடச் சந்தோஷப்பட்டிருக்கமாட்டேன். மத்தியானக் கடல்காற்று இடதுபக்கமிருந்து வந்து சேர்ந்தது. முதலில் யாரோ முன்சக்கரத்தைக் கையால் பிடித்துத் திருப்பின மாதிரி இருந்தது. நான் திருப்பவில்லை. சத்தியமாக நான் திருப்பவில்லை. ஹேண்டில் தானாக வலதுபக்கம் போனது, நானும் அதோடு போனேன். ரோட்டைக் குறுக்கே கடந்தேன். பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. சாவடியில் நிறுத்தியிருந்த வண்டிக்காரர்கள் எல்லாரும் இறங்கி நின்று பார்த்தார்கள். உயிர் போகப்போகிறது என்று தெரிந்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இந்தக் காற்று கயலையும் இப்படித் தள்ளும், அவளிடம் சொல்ல ஆள் இருக்காது.

எதிர்ப்பக்கம் இளநீர் வியாபாரி ஒருவர் வெட்டிப்போட்ட காலிக் கூடுகளைக் குவித்து வைத்திருந்தார். நானும் சைக்கிளும் அந்தக் குவியலில் போய் விழுந்தோம். முகவாய் ஒரு மட்டையில் கிழிந்தது. மேலெல்லாம் இளநீர்ப் பிசுக்கு. மீசைக்காரர் ஓடிவந்து என்னைத் தூக்கினார். நான் அவரைத் தள்ளிவிட்டு முதலில் சைக்கிளைத் தடவிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. பிரேக் மட்டும் லேசாகக் கோணியிருந்தது.

“சைக்கிள்தான்,” என்றார் அவர், இன்னொருவரிடம். பிறகு என் முகவாயில் கைக்குட்டையை வைத்து அழுத்தி, “உங்க வீட்டம்மா இதுலயா போறாங்க?” என்று கேட்டார். முதல்தடவையாக அவர் முகத்திலும் கொஞ்சம் பயம் தெரிந்தது. எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

வீட்டில் கயல் கட்டைப் பிரித்தபோது அவள் முகம் மலர்ந்ததை எப்படிச் சொல்ல? பிறகுதான் என் முகவாயைக் கவனித்தாள். நடந்ததைச் சொன்னேன். அம்மா முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தாள். (இதைத் தனியாகக் குறிப்பிடக் காரணம் உண்டு.) மறந்துபோன மெலிந்த சக்கரம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஓடிப்போய் எடுத்து வந்தேன்.

“பின்னால எது வேணா போட்டுக்க, கயலு. முன்னால இதப் போடு. அகலமா இருந்தா ஹேண்டில நீ திருப்ப மாட்ட, காத்து திருப்பும்.”

“அது போட்டா செத்த வேகம் கொறையும்ங்க.”

“கொறையட்டும். எதிர்காத்து எப்புடின்னு எனக்குத் தெரியாது. பக்கக் காத்து எனக்குத் தெரியும்.”

எங்கள் கல்யாண வாழ்க்கையில் நான் ஒரு விஷயத்தை உறுதியாகச் சொன்னது அன்றுதான். அவள் என் முகவாயையும் சக்கரத்தையும் பார்த்தாள். மெலிந்ததை மாட்டினாள்.

போட்டியன்று நான் கயிறு கட்டுகிற இடத்திலேயே போய் நின்றேன். வேறெங்கும் நிற்க முடியவில்லை. கடலிலிருந்து கயல் முன்வரிசையில் ஏறினாள். சைக்கிளில் புறப்பட்டபோது காற்றே இல்லை. கொஞ்ச நேரத்தில் கடல்பக்கமிருந்து வீசத் தொடங்கியது. என் முகவாய் அதற்கு முன்பே வலித்தது. திரும்பி வருகிற வழியில் பெரிய பெரிய சைக்கிள்காரர்கள் கொம்பிலிருந்து எழுந்து, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, ஆடி ஆடி வந்தார்கள். கயலைக் காணோம். கயிற்றுக்காரர் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு மணி பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூடின கண்ணுக்குள் இளநீர்க் கூடு, பஸ் ஹாரன், தட்டு.

யாரோ ‘வழி, வழி’ என்றார்கள். கண்ணைத் திறந்தேன். முன்னாலிருந்து பார்த்தால் வெறும் கோடு. அந்தக் கோடு கொம்பில் படுத்தபடி, ஆடாமல், குழாயில் தண்ணீர் உறிஞ்சிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனது. கயிற்றுக்காரர் இன்னும் முடிச்சை ஆரம்பிக்கவில்லை. அவள் இறங்கி ஓட ஆரம்பித்தபோது நான் அவரிடமிருந்து கயிற்றை வாங்கிக் கொஞ்ச நேரம் சும்மா கையில் வைத்திருந்தேன்.

தழும்பு இன்னும் இருக்கிறது. காற்று மாறினால் லேசாக நமைக்கும். அம்மாவுக்குக் கதையில் ஒரு வரி மட்டும் மனசில் தங்கிவிட்டது. கல்யாண வீடு, பஸ் என்று எங்கே யார் மருமகளை விசாரித்தாலும் பெருமையாகச் சொல்லுவாள்: “அது நல்லாருக்கு. ஓட்டிக்கிட்டே குடிக்கிதுன்னா பாத்துக்கயேன்.” கயலின் அண்ணன்மார்கள் இதைக் கேட்பதற்காகவே எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள்.

அந்தச் சோதனைச் சாவடியில் இப்போது என்னை அதிகம் நிறுத்துவதில்லை. போன மாதம் கயல் பள்ளிக்கு பாண்டிச்சேரியிலிருந்து பெஞ்சுகள் ஏற்றி வந்தேன். புதிதாகப் பொறுப்பேற்றிருந்த தலைமையாசிரியை முன்சீட்டில் இருந்தார். வேறு ஊர்க்காரர், கண்டிப்பானவர் என்று கேள்வி. நான் விளையாட்டு டீச்சரின் வீட்டுக்காரன் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். மீசைக்காரர் தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி வந்து ஜன்னலில் குனிந்தார்.

“என்னப்பா, டீச்சரம்மா இன்னும் குடிக்கிறாங்களா?”

போலீஸிடம் பொய் சொல்லக் கூடாது. “முன்னைக்கு இப்ப அதிகம் சார்,” என்றேன்.

வண்டி கிளம்பியது. தலைமையாசிரியை மேலே இருந்த கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கடலூர் தாண்டியதும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“ஸ்கூல் நேரத்துலயுமா?”

எனக்கு வேர்த்துவிட்டது. வேர்த்தால் எனக்கு உண்மை மட்டும்தான் வாயில் வரும்.

“இல்லீங்க மேடம். காலையில பீச்சுல மட்டுந்தான்.”